தகரம்னு ஒதுக்குன ட்ரம்ஸ்

பொண்டாட்டிய ஏமாத்துறதுக்கு ஊர் ஒலகத்துல ஆயிரம் வழி இருக்கு. குடிக்கிறவன் இருக்கான், சீட்டாடுறவன் இருக்கான், சம்பளத்தை மறைக்கிறவன் இருக்கான். ட்ரம்ஸ் சாஃப்ட்வேரை வெச்சு ஏமாத்துனவன் பெரம்பலூர் ஜில்லாவிலேயே வேப்பந்தட்டை மணிமாறன் ஒருத்தனாத்தான் இருப்பான். அதுவும் ஒரு நாளா ரெண்டு நாளா, ஏழு மாசம்! அந்த ஏழு மாசமும் வெற்றிச்செல்வி காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, "இது நல்லாருக்குங்க, அது வேணாங்க"ன்னு ஒழுங்கா பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா பாருங்க, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது.

மணிமாறனுக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் ரிப்பேர் கடையில வேலை. முகூர்த்த நாள், திருவிழான்னா ஒரு இன்னிசைக் குழுவுல கீபோர்டு வாசிப்பான். வூட்டுல பின்கட்டு ரூம்புல ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சன்னலுக்கு ரெண்டு ஜமுக்காளம். அதுக்கு அவன் வெச்ச பேரு ஸ்டுடியோ. அவன் பொண்டாட்டி வெற்றிச்செல்வி உள்ளூர்லயே ஒரு உரக்கடையில பில் போடுறா. விக்கிரமங்கலத்துல பொறந்து வளந்தவ. கல்யாணமாகிப் பதினோரு வருசம். கூட மாமியா சம்பூர்ணம். மாமனார் வீரமுத்து போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு.

பாட்டு பொறந்தது அந்த உரக்கடையிலதான். மக்காச்சோள விதை விக்கிற சீசன் முடிஞ்சா கடையில ஈ ஓட்டுற வேலைதான். தெனம் ஒன்னரை மணிக்கு ஒரு பஸ்ஸு கடை வாசல்ல நின்னுட்டுப் போகும். அதைப் பாக்கையில எல்லாம் அவளுக்கு வேற ஒரு ஒன்னரை மணி பஸ்ஸு ஞாபகம் வரும். நிச்சயம் ஆன பொறவு மணிமாறன் ரெண்டு தரம் விக்கிரமங்கலம் போனான். எறங்குனா ஊரு வாயில விழணுமேன்னு எறங்கவே இல்ல. சன்னலோரம் உக்காந்து மொகத்தை மட்டும் காட்டிட்டு, அடுத்த ஸ்டாப்புல எறங்கி வந்த வழியே திரும்பிட்டான். அவ குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போற சாக்குல ஸ்டாப்புல நின்னா. அம்புட்டுதான் அவங்க காதல் கதை. அதை அவ வீணாப்போன பில்லு பின்னாடி எழுதி வெச்சா:

ஒன்னரை மணி பஸ்ஸு ஊருக்குள்ள வருதா
ஒன் மொகத்தைக் காட்டிப்புட்டு ஓரமாத்தான் போகுதா

மெட்டும் அவளுதுதான். சோறு வடிக்கையில முணுமுணுத்து முணுமுணுத்து தானா வந்துச்சு. ஒரு நாள் மணிமாறன் காதுல விழுந்துருச்சு. தட்டுல கைய வெச்சவன் அப்படியே நிமிந்தான்.

"ஏ புள்ள, இது யாரு பாட்டு?"

"ஏன், நல்லா இல்லையா?"

"யாரு பாட்டுன்னு கேட்டேன்."

"நம்ம பாட்டுதாங்க. பஸ்ஸுல வந்துட்டு எறங்காம ஓடுனீங்களே, அந்தப் பாட்டு."

அவன் கண்ணு கலங்கிப்போச்சு. அது நடிப்பு இல்லன்னுதான் வெற்றிச்செல்வி இன்னிக்கும் சொல்றா. அன்னிக்கு அவன் சொன்ன வார்த்தை இது: "இதை ரெக்கார்டு பண்றோம். யூட்யூப்ல ஏத்துறோம். பாட்டு, மெட்டு, குரல், மூணும் வெற்றிச்செல்வின்னு போடுவேன். நான் சும்மா கூட வாசிக்கிற ஆளு."

அவ பேரு அதுவரைக்கும் எங்க அச்சாகியிருக்கு? ரேஷன் கார்டுல, கல்யாணப் பத்திரிகையில. தெனம் நூறு பில்லு போடுறா, அதுல கூட 'காசாளர்'னுதான் வரும். அன்னிக்குச் சாயங்காலமே விக்கிரமங்கலத்துக்கு போனைப் போட்டு தங்கச்சி ஜெயசித்ராகிட்ட சொல்லிட்டா. சொல்லிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதடி, வந்த பொறவு பாப்பாங்க"ன்னா. மனசுக்குள்ள அப்பவே நாலு பேருகிட்ட சொல்லி முடிச்சாச்சு.

தை மாசம், பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெக்கார்டிங். முதல்ல தாளத்துக்கு ஒரு மாதிரி வேணும்னான் மணிமாறன். அவ அடுப்பங்கரையில இருந்து பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டாந்து மடியில கவுத்துக்கிட்டா. குண்டும் குழியுமான ரோட்டுல பஸ்ஸு ஆடி ஆடி வர்ற மாதிரி ஒரு தாளம். தட்டிக்கிட்டே பாடுனா. ரெண்டு வரி போயிருக்காது, அவன் கையைத் தூக்கி நிறுத்துனான்.

"வளையலைக் கழட்டு. மைக்குல சத்தம் ஏறுது."

சிறுவாச்சூர் கோயில் வாசல்ல வாங்குன கண்ணாடி வளையல், கைக்கு ஒம்போது. வெற்றிச்செல்வி மொகம் மாறிப்போச்சு.

"என்னங்க பேசுறீங்க? நீங்க குத்துக்கல்லாட்டம் எதுக்க உக்காந்திருக்கையில நான் எதுக்கு வெறுங்கையா உக்காரணும்? நல்லாவா இருக்கும்?"

"அஞ்சு நிமிசம்தான புள்ள."

"அஞ்சு நொடின்னாலும் கழட்ட மாட்டேன். என்ன வேணா திட்டுங்க."

அடுப்பங்கரையில இருந்து சம்பூர்ணமும் குரல் கொடுத்தா: "அவ சொல்றதுதான் சரி. வளையலைக் கழட்டிட்டு என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு? அப்படியே புடிடா!"

அப்படியே புடிச்சான், முதல்ல குடத்தை மட்டும், பொறவு பாட்டைத் தனியா. குடத்துல ஒவ்வொரு தட்டு விழுந்த பொறவும் 'சில்'லுன்னு ஒரு சின்னச் சத்தம் பின்னாலேயே வந்துச்சு. "பரவால்ல, இது மாதிரிக்குத்தானே. ட்ரம்ஸ் போட்ட பொறவு இதை எடுத்துருவேன்"னுட்டான்.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது ட்ரம்ஸ் தேடுற படலம்.

ட்ரம்ஸ் சாஃப்ட்வேர்னா வேற ஒண்ணுமில்ல. எங்கேயோ ஒரு நாட்டுல ஒருத்தன் நெசமான ட்ரம்ஸை மெல்லத் தட்டி, ஓங்கி அடிச்சு, எல்லா தினுசுலயும் ரெக்கார்டு பண்ணிக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு வெச்சிருப்பான். நாம கீபோர்டுல கட்டையை அமுக்குனா அவன் அடிச்ச அடி இங்க கேக்கும். முதல்ல எறக்குனது காசில்லாத ஒண்ணு. பாட்டோட சேத்துப் போட்டான். வெற்றிச்செல்வி கேட்டுட்டுத் தலையை ஆட்டுனா.

"இதுவே நல்லாருக்குங்க. பஸ்ஸு ஆடுற மாதிரியே இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? தகரத்துல அடிச்ச மாதிரி இருக்கு. இதைப் போட்டா ஊரே சிரிக்கும். உன் பேருல வர்ற பாட்டு, சும்மா ஏனோதானோன்னு விடுவேனா?"

உன் பேருல வர்ற பாட்டுன்னதும் அவளுக்கு, எம்புட்டு அக்கறைன்னு உள்ளுக்குள்ள ஒரே பூரிப்பு. அதுக்குத் 'தகரம்'னு பேரு வெச்சு ஒதுக்கியாச்சு.

அடுத்து வந்தது காசு கொடுத்து வாங்குறது. பத்து நாளு சும்மா ஓட்டிப் பாக்கலாம். பத்து நாளு முடிஞ்சா பூட்டிக்கும், வேற ஈமெயில்ல புதுசா ஆரம்பிக்கலாம். மணிமாறன் ஈமெயில் முடிஞ்சு வெற்றிச்செல்வி ஈமெயில், அது முடிஞ்சு சம்பூர்ணம் பேருல ஒண்ணு, கடைசியில செத்துப்போன வீரமுத்து பேருலயும் ஒண்ணு தொறந்தாங்க. "வீரமுத்து, உங்களுக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கிறது"ன்னு கம்பெனிக்காரன் மெயில் அனுப்புனான். அதைப் படிச்சுச் சொன்னதும் சம்பூர்ணம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, "போன மனுசனை ஏன்டா இழுக்குறீங்க"ன்னு ஒரு பாடு அழுது தீத்தா.

அந்த ட்ரம்ஸ்ல எதிரொலி அதிகம். வெற்றிச்செல்வி அதுக்குக் 'கல்யாண மண்டபம்'னு பேரு வெச்சா. அதுக்கப்புறம் ஒண்ணு வந்துச்சு, எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் மெத்தையில அடிச்ச மாதிரியே கேக்கும். அது 'தூங்குமூஞ்சி'. இன்னொண்ணு நாப்பது ஜிபி. தெனம் ரெண்டு ஜிபி கெடைக்கிற போனுல அதை எறக்கவே மூணு வாரம் ஆச்சு. எறக்கித் தொறந்தா கம்ப்யூட்டர் மூச்சடைச்சு நின்னுருச்சு. அது 'ஜெர்மன்காரன்'. ஒண்ணு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிச்சு தையல் மிஷினாட்டம் ஓடுச்சு. ஒவ்வொண்ணுலயும் மணிமாறன் ஒரு குத்தம் கண்டுபுடிச்சான். ஒவ்வொரு தடவையும் அவ, "அந்தத் தகரமே போதுங்களே"ன்னா. அவன் சிரிச்சுக்கிட்டே, "அவசரப்படாத புள்ள, முதல் பாட்டு"ம்பான்.

தை போச்சு, மாசி, பங்குனி போச்சு, சித்திரை வெயிலும் போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா அவளுக்கு ஸ்டுடியோதான். முப்பது ஞாயித்துக்கிழமை! தங்கச்சி வூட்டு விசேசத்துக்குப் போகல, சித்தப்பா பொண்ணு வளைகாப்புக்குப் போகல. "ட்ரம்ஸ் பாக்கணும்டி"ன்னு போன்ல சொன்னா ஜெயசித்ராவுக்கு ஒண்ணும் புரியாது. காது வலிக்க வலிக்கக் கேட்டா. மணிமாறனுக்குத் தெரியாத வித்தியாசமெல்லாம் அவ காதுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. தகரத்துல ஒரு சத்தம் உண்டு, நாலாவது அடியில ஒரு சின்ன விக்கல் மாதிரி. அது எந்தப் பாட்டுல வந்தாலும் அவ கண்டுபுடிச்சிருவா. அதுதான் அவனுக்கு வெனையா வந்து முடிஞ்சுது.

ஆவணியில ஜெயசித்ரா புள்ளைக்குக் காதுகுத்து. இதுக்கும் போகலன்னா அப்புறம் அக்கான்னு கூப்புட மாட்டேன்னுட்டா அவ. மணிமாறன் அன்னிக்குக் கச்சேரி இருக்குன்னு வரல. வெற்றிச்செல்வி சனிக்கிழமையே கெளம்பி, பெரம்பலூர் வந்து, அரியலூர் வந்து, விக்கிரமங்கலம் பஸ்ஸுல ஏறி சன்னலோரம் உக்காந்தா. சுண்ணாம்புக்கல்லு லாரி வரிசையாப் போயிக்கிட்டிருந்துச்சு, ஒரே புழுதி. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டா. டிரைவர் பாட்டு போட்டாரு.

முதல்ல கீபோர்டு. ரெண்டு நொடியிலேயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. உடம்பெல்லாம் சிலுத்துருச்சு. அட மனுசா, எனக்குத் தெரியாம ஏத்திட்டியா? இந்த பஸ்ஸுல, எங்க ஊரு பஸ்ஸுலயே ஓடுற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கியேன்னு மனசு குதிச்சுது. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை கையைப் புடிச்சு, "இது எம் பாட்டுங்க"ன்னு சொல்ல வாயைத் தொறந்துட்டா.

அப்பதான் குரல் வந்துச்சு. அது அவ குரல் இல்ல.

குழுவுல பாடுற அபிநயாவோட குரல். வேப்பந்தட்டை வூட்டுக்கு ரெண்டு தரம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போன புள்ள. நல்லாத்தான் பாடியிருந்தா. ஒன் மொகத்தைக் காட்டிப்புட்டுன்னு அவ இழுக்கையில பக்கத்து சீட்டுப் பொம்பளை கூடவே முணுமுணுத்தா. வெற்றிச்செல்வி தொறந்த வாயை மூடிக்கிட்டா.

ட்ரம்ஸ் சேந்துச்சு. நாலாவது அடியில சின்ன விக்கல். தகரம்! ஊரே சிரிக்கும்னு சொன்ன அதே தகரம். ட்ரம்ஸுக்கு அடியில இன்னொண்ணு கேட்டுச்சு. குடத்துல தட்டு, பின்னாலேயே 'சில்'. தட்டு, 'சில்'. அவ கையை மடியில வெச்சுக் குனிஞ்சு பாத்தா. அதே வளையல்.

"நல்ல பாட்டுல்ல?"ன்னா பக்கத்துல இருந்தவ.

"ம்."

"இந்தப் பக்கத்து பஸ்ஸுல எல்லாம் கோடை முழுக்க இதான் ஓடுது. எம் மவ போன்ல இதையேதான் வெச்சிருக்கா."

தங்கச்சி வூட்டுக்குப் போனதும் போகாததுமா, "உன் போனைக் குடு, அந்த ஒன்னரை மணி பஸ்ஸு பாட்டைப் பாக்கணும்"ன்னா. ஜெயசித்ரா எடுத்துக் குடுத்துட்டு வெகுளியாச் சொன்னா: "மாமா போட்ட பாட்டா? ஸ்டேட்டஸ்லயே பாத்தேனே. உன் பாட்டு இன்னும் வரல, இது அவங்க குழுப் பாட்டுன்னுல்ல நெனச்சேன். உன் பேரு இல்லையேக்கா அதுல."

வெற்றிச்செல்விக்கு ஒரு ஸ்டேட்டஸும் வந்ததில்ல. புருசன் ஊருக்கெல்லாம் காட்டிட்டு அவளுக்கு மட்டும் மறைச்சு வெச்சிருக்கான். பாட்டுக்குக் கீழ பாத்தா. பாடல், இசை: மணிமாறன். குரல்: அபிநயா. ஏத்துன தேதி மாசி மாசக் கடைசி. விரலை மடக்கி எண்ணிப் பாத்தா. அந்த வாரம் அவங்க கல்யாண மண்டபத்துல இருந்தாங்க. பாட்டு ஊரெல்லாம் ஓட ஆரம்பிச்ச பொறவு இவளை உக்கார வெச்சுத் தூங்குமூஞ்சியைக் கேக்க வெச்சிருக்கான். ஜெர்மன்காரனை மூணு வாரம் எறக்கியிருக்கான்.

அதோட போனை வெச்சிருந்தா தேவலாம். கீழ கமெண்டையும் படிச்சா. எவனோ கேட்டிருந்தான்: "அண்ணா, பாட்டுல வளையல் மாதிரி ஒரு சத்தம் வருதே, செம. எந்த ட்ரம்ஸ் சாஃப்ட்வேர்?" அதுக்கு மணிமாறன் பதில் போட்டிருந்தான்: "ஆறு மாசம் தேடிப் புடிச்சது நண்பா. எல்லாம் சாஃப்ட்வேர்லயே வருது. பேரு சொல்ல மாட்டேன், தொழில் ரகசியம்." அதுக்கு முந்நூறு பேரு கைதட்டியிருந்தாங்க.

பேரு இல்லாதது கூட அவளுக்கு அப்படிச் சுடல. குரல் இல்லாதது கூடத் தாங்கிக்கலாம். அந்தக் கை தன் கைன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பொட்டி கையின்னு சொன்னான் பாருங்க, அங்கதான் அவளுக்குள்ள ஏதோ அத்துப்போச்சு. மறுநாள் காதுகுத்துல ஸ்பீக்கர்காரன் அந்தப் பாட்டையே மூணு தரம் போட்டான். அவ அம்மா கூட, "நல்லாருக்குல்ல பாட்டு"ன்னா. வெற்றிச்செல்வி பந்தியில மோர் ஊத்திக்கிட்டே "நல்லாருக்கும்மா"ன்னா.

வூடு திரும்புன அன்னிக்குச் சாயங்காலம் மணிமாறன் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேட்டுட்டா.

"பஸ்ஸுல பாட்டு கேட்டேங்க. தகரம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் சட்டைப் பட்டனை அவுத்துக்கிட்டே ஆரம்பிச்சான். "இல்ல புள்ள, குழுவுல அவசரமா ஒரு பாட்டு கேட்டாங்க. அபிநயாவை நாலு பேருக்குத் தெரியும். உன் பேரைப் போட்டா யாரு கேப்பா சொல்லு? பாட்டு ஓடணுமா வேணாமா?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒத்துக்குவியா?"

"ஒத்துக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன? புருசன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுதுன்னு இருக்கா? வூட்டுப் பாட்டுதானே."

"சரி, வூட்டுப் பாட்டு. அதுக்கு ஏழு மாசம் எதுக்கு என்னை உக்கார வெச்சு அதைக் கேளு இதைக் கேளுன்னீங்க?"

இதுக்கு அவன் ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம். பாவிப்பய நெசத்தைச் சொன்னான். "பாட்டு எப்ப வரும், எப்ப வரும்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தே. எதையாச்சும் சொல்லணும்ல."

வெற்றிச்செல்வி கொடியில கெடந்த துணியை எடுக்கப் போயிட்டா. கத்துவா, பாத்திரத்தை உருட்டுவான்னு எதிர்பாத்தவனுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சான். அவளும் சோறு பொங்குனா, துணி தொவைச்சா, கடைக்குப் போனா. பாடுறதை மட்டும் விட்டுட்டா. சம்பூர்ணத்துக்குத்தான் வூடு வெறிச்சுன்னு இருந்துச்சு. "ஏன்டி, சோறு வடிக்கையில ஒண்ணு பாடுவியே"ன்னு கேட்டுப் பாத்தா. "தொண்டை கட்டியிருக்கு அத்தை"ன்னா.

புரட்டாசியில ரெண்டாவது பாட்டு வந்துச்சு. வேற யாரோ எழுதுனது, மெட்டு மணிமாறன். குழுவுல எல்லாரும் ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாங்க: அந்த வளையல் சத்தம் இதுலயும் வந்தே ஆகணும், அதுக்குத்தான் சனங்க கேக்குறாங்க.

இப்ப மணிமாறன் நெசமாவே ட்ரம்ஸ் தேட ஆரம்பிச்சான். கல்யாண மண்டபத்தைத் தொறந்தான், தூங்குமூஞ்சியைத் தொறந்தான். கடையில சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கூடுதலா ராம் மெமரி வாங்கிப் போட்டு ஜெர்மன்காரனை ஓட்டிப் பாத்தான். மணி இருந்துச்சு, சலங்கை இருந்துச்சு, என்னென்னவோ நாட்டுக் கிலுகிலுப்பை எல்லாம் இருந்துச்சு. இது இல்ல. பழைய பாட்டுல இருந்து வெட்டி ஒட்டிப் பாத்தான். அந்தத் தாளம் வேற, இந்தத் தாளம் வேற, ஒட்டல. கடையில ஒரு டஜன் வளையல் வாங்கிக் கயித்துல கோத்து ஆட்டிப் பாத்தான். ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டுன மாதிரி கேட்டுச்சு. இதையெல்லாம் வெற்றிச்செல்வி அடுப்பங்கரையில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தா. எது ஒத்து வருது, எது ஒத்து வரலன்னு அவனை விட அவளுக்கு நல்லாத் தெரியும். யாரும் அவளைக் கேக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அபிநயா பாட வந்துட்டா. ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஸ்டூலுல உக்காந்திருந்தா. சம்பூர்ணம் டீ கொண்டாந்து வெச்சுட்டு நெலைப்படியிலேயே நின்னா. மணிமாறன் வேற வழியில்லாம எழுந்து அடுப்பங்கரைக்கு வந்தான். குரல்ல ஒரே தேனு.

"ஏ புள்ள, ஒரு ரெண்டு நிமிசம் வந்து குடத்துல தட்டேன். சும்மா, மாதிரிக்கு."

"மாதிரிக்கா?"

"ஆமா. வா."

அவ ஈரக் கையை முந்தானையில தொடைச்சா. "நீங்க போங்க, குடத்தை எடுத்துக்கிட்டு வரேன்"ன்னா. அவன் போயி மைக்கைச் சரி பண்ணுனான். அவளுக்குச் செத்த நேரம் ஆச்சு. அடுப்பங்கரையில எண்ணெய் டப்பா மூடி தொறக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் குடத்தோட வந்து மைக்குக்கு முன்னால உக்காந்தா. குடத்தை மடியில கவுத்துக்கிட்டா, முந்தானை கைய மூடியிருந்துச்சு. மணிமாறன் ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு தலையை ஆட்டுனான்.

அவ தட்டுனா. தொம். தொம். தொம். தாளம் எள்ளளவும் பிசகல. பின்னால ஒரு சத்தமும் வரல.

மணிமாறன் திரும்பிப் பாத்தான். முந்தானை வெலகி, ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய் மினுங்க வெறுமையா இருந்துச்சு.

"வளையல் எங்க?"

"தை மாசம் கழட்டச் சொன்னீங்கல்ல. மைக்குல சத்தம் ஏறுதுன்னீங்க. கழட்டிட்டேன்."

"ஏய், அந்தச் சத்தம்தான் வேணும்!"

"அது சாஃப்ட்வேர்லயே வருதே. ஆறு மாசம் தேடிப் புடிச்சீங்களே."

அபிநயா ஹெட்போனைக் கழட்டிட்டா. மாறி மாறி ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தா. "அக்கா, அந்தப் பாட்டுல வர்றது... அது நீங்களா?"

"உங்க அண்ணனைக் கேளும்மா. தொழில் ரகசியமாம்."

மணிமாறன் ரெக்கார்டிங்கை நிறுத்துனான். நெலைப்படியில நின்ன சம்பூர்ணம் அப்பதான் மருமவ கையைப் பாத்தா. ஓட்டமா ஓடியாந்து அந்தக் கை ரெண்டையும் தன் கையால பொத்திக்கிட்டா. "அடியேய், என்னடி காரியம் பண்ணிட்டே! புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான், வெறுங்கையோட நிக்கிறியே! போடுடி, போய் எடுத்துப் போடுடி!"

வெற்றிச்செல்வி மாமியா கையை மெதுவா வெலக்கிவிட்டா.

"இவரு எதுக்க இருக்காருன்னுதான் அத்தை அன்னிக்குக் கழட்ட மாட்டேன்னேன்."

சொல்லிட்டு எந்திரிச்சா. குடத்தை நிமித்தி இடுப்புல வெச்சுக்கிட்டு, அந்த வெறுங்கையோடவே தெருக்குழாய்க்குத் தண்ணி புடிக்கப் போனா.